வயிறு சரியில்லன்னா மனசும் டல்லாகுதே, நெஜமாவே தொடர்பு இருக்கா?

இருக்குங்க. மூளையில இருந்து குடல் வரைக்கும் வேகஸ்னு ஒரு நரம்பு ஓடுது, அதுல போற சிக்னல்ல பெரும்பகுதி வயித்துல இருந்து மேல போறதுதான், மேல இருந்து கீழ வர்றது கம்மி. 2011ல அயர்லாந்துல எலிங்களுக்கு ஒரு வகை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவ குடுத்து பாத்தாங்க, பதட்டம் குறைஞ்சுது, அந்த நரம்ப வெட்டிட்டு குடுத்தப்ப ஒண்ணும் நடக்கல.

மனநிலையோட சம்பந்தப்பட்ட செரோட்டோனின்ங்கற வேதிப்பொருள் 90% குடல்லதான் உருவாகுதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது சரிதான், ஆனா அது ரத்தம் வழியா நேரா மூளைக்குள்ள போக முடியாது, நடுவுல தடுப்பு இருக்கு, இத மட்டும் ஃபார்வர்டுல போட மாட்டாங்க.

நம்ம சேலத்துக்காரங்களுக்கு நல்ல பாக்டீரியா இருக்கற காஸ்ட்லி கேப்சூல்லாம் எதுக்குங்க, ராத்திரி தண்ணி ஊத்தி வச்ச பழைய சோத்துல மோர் விட்டு கரைச்சு சின்ன வெங்காயத்த கடிச்சுக்கிட்டா போதும், வெங்காயத்துல இருக்கற நார்ச்சத்துதான் குடல் பாக்டீரியாவுக்கு தீனி. தட்டுவடை செட்டும் தப்பில்ல, ரெண்டு தட்டைக்கு நடுவுல துருவின பீட்ரூட், கேரட் இருக்கு, ஆனா தெனமும் சாயங்காலம் அதுதான்னா வயிறு கேக்காது.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமில்லாம மனசு பாரமாவே இருந்தா பழைய சோத்த நம்பி உக்காராதீங்க, ஜிஹெச்ல மனநலப் பிரிவு இருக்கு, போக கூச்சமா இருந்தா அரசோட மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, ஃப்ரீதான்.