விட்ட பாவம் திரும்பி வருவது ஏன்? லெந்து காலக் கேள்வி பதில்

பாளையங்கோட்டை, நாசரேத், திசையன்விளை, முக்கூடல் பக்கத்துச் சபைகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. பெயர் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டதால் ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறோம்.

கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை: ஒவ்வொரு கன்வென்ஷன்லயும் அழுது ஒப்புக்கொடுக்கேன் ஐயா. பத்து நாள் நல்லாருக்கும். அப்புறம் ராத்திரி ஃபோன்ல அதே வீடியோக்கள். என் மனந்திரும்புதல் பொய்யா?

பொய் இல்லை தம்பி, பாதியில் நிற்கிறது. "இனிப் பார்க்க மாட்டேன்" என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறீர்கள். ராத்திரி 11 மணிக்கு ஃபோன் எங்கே இருக்கும், கதவு திறந்திருக்குமா என்பதைத் தீர்மானிப்பதில்லை. கீழ்ப்படிதல் அங்கேதான் தொடங்குகிறது. "துர் இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருங்கள்" என்று ரோமர் 13:14 சொல்வது, இச்சை வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலையை.

2 சாமுவேல் 11-ஐத் திரும்ப வாசியுங்கள். தாவீது ராஜாவின் வீழ்ச்சி உப்பரிகையில் தொடங்கவில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் அவர் எருசலேமில் தங்கிவிட்டார், சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்தார், உலாவினார், பார்த்தார், விசாரிக்க ஆள் அனுப்பினார். உரியாவின் மனைவி பத்சேபாள் வருவதற்கு முன் திரும்பிப்போக எத்தனை இடம் இருந்தது! உங்களுக்கும் இருக்கிறது. கடைசியாக விழுந்த மூன்று தடவையை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரண்டு மணி நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். யாரோடு மனத்தாங்கல், பரீட்சைப் பயமா, தனிமையா, எந்த ஆப்பில் விரல் முதலில் போனது? மூன்றிலும் ஒரே விஷயம் தலைகாட்டும். வெட்ட வேண்டிய இடம் அதுதான். கடைசிப் படியில் நின்று போராடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

ஃபோனுக்கு வருவோம். ராத்திரி 9.30-க்குப் பிறகு அது பட்டாசாலையில் சார்ஜில் கிடக்கட்டும், உங்கள் அறைக்குள் வேண்டாம். "அலாரத்துக்கு வேணுமே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சாக்கு. ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வசதியைப் போட்டு, பாஸ்வேர்டை வேறொருவர் கையில் கொடுங்கள். ஆனால் டெலிகிராம் போன்ற ஆப்புகளுக்குள் வருவதை அது தடுக்காது. அவற்றை நீக்கத்தான் வேண்டும்.

இச்சை எழும்பிவிட்டால், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அதே கட்டிலில் உட்கார்ந்து ஜெபிக்க முயல வேண்டாம். எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். எழுந்து வாசலுக்கு வாருங்கள், முகம் கழுவுங்கள், பிறகு ஜெபியுங்கள், சத்தமாக. உச்சத்துக்கு ஏறுகிற இச்சை பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும்.

அப்படியும் விழுந்துவிட்டால் அன்று ராத்திரியே அறிக்கையிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளாதீர்கள். "இன்னைக்குப் போனது போச்சு" என்ற எண்ணம்தான் ஒரு வீழ்ச்சியை ஒரு வார வீழ்ச்சியாக்குகிறது. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்று நீதிமொழிகள் 24:16-இல் இருக்கிறது.

அரசு ஊழியர், நாசரேத்: ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லுது யாக்கோபு 5:16. எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட சொன்னா மறுநாள் தெரு முழுக்கத் தெரியும். யாரிடம் சொல்ல?

சபை நடுவே சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் போதும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். சொந்தக்காரர், உங்களிடம் கடன் வாங்கியவர், கொடுத்தவர், அலுவலகத்தில் மேல் கீழ் உள்ளவர் வேண்டாம். இவரிடம் அடுத்தவர் ரகசியம் உங்கள் காதுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் உங்களுடையதும் போகும். உள்ளூரில் ஆள் அமையாவிட்டால் பக்கத்துச் சேகரத்தில், அதாவது வேறொரு குருவின் கீழுள்ள சபைகளில், தேடுங்கள். உங்கள் சேகர குருவிடம் சொல்வதும் நல்ல வழிதான்.

"எனக்குப் பலவீனம் உண்டு, ஜெபியுங்க" என்பது அறிக்கை அல்ல. என்ன செய்தீர்கள், எப்போது, எத்தனை தடவை என்று பெயர் வைத்துச் சொல்லுங்கள். விவர வர்ணனை தேவையில்லை. வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், அவர் இரண்டே கேள்வி கேட்கட்டும்: இந்த வாரம் விழுந்தீர்களா? இப்போது என்னிடம் எதையாவது மறைத்தீர்களா? இரண்டாவது கேள்விதான் மருந்து. மணமானவர் செய்த பாவம் துணையைத் தொடுவதாக இருந்தால் அவரிடமும் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதை மட்டும் இந்த நபரோடு முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

கொத்தனார் மனைவி, திசையன்விளை: என் வீட்டுக்காரர் தினமும் குடிக்கார். பெரிய வெள்ளியன்னைக்கு ஆலயத்துல பொருத்தனை பண்ணி ஒரேயடியா நிறுத்தப் போறேன்கார். இந்தத் தடவையாவது நிலைக்குமா?

அம்மா, அவர் மனசு வைத்ததற்குத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்த விடாதீர்கள். வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். அதைப் பிசாசின் பிடி என்று நினைத்து ஜெப வீட்டில் கிடத்துகிறவர்கள் உண்டு. அது உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆகவே நாள் குறிப்பதற்கு முன் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரையும் தயமின் என்ற பி1 சத்தும் கொடுப்பார்கள். மாத்திரை விழுங்குவது விசுவாசக் குறைவு அல்ல. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம்.

உடம்பு தெளிந்த பிறகுதான் பழக்கத்தோடு போராட்டம். சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வராமல் உங்கள் கணக்குக்கு வர, அவரே மேஸ்திரியிடம் சொல்லட்டும். நீங்கள் போய்ச் சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும். வேலை முடிந்ததும் பசி தீர அங்கேயே ஏதாவது சாப்பிடட்டும், காலி வயிறு நேரே கடைக்கு இழுக்கும். டாஸ்மாக் ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது, எனவே சாயங்காலம் 6 முதல் 10 வரையிலான நேரத்தை நிரப்ப வேண்டும். அசுத்த ஆவி விட்டுப்போன வீடு வெறுமையாய் இருந்ததால் ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது என்றார் ஆண்டவர் (மத்தேயு 12:43-45). பாடகர் குழுப் பயிற்சியோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதோ, அவரை எதிர்பார்த்து யாராவது காத்திருக்கிற வேலையாக இருக்கட்டும். கல்யாண வீடு, கோவில் கொடை, அசனம் (சபை விருந்து) முடிந்த ராத்திரி என்று பழைய கூட்டாளிகள் கூடும் நாட்களில் முதல் வருஷம் தனியே அனுப்பாதீர்கள்.

வாலிபர், சாயர்புரம்: கிருபையால் இரட்சிக்கப்பட்டோம்னா ஏன் இவ்வளவு பிரயாசம்?

தீத்து 2:11, 12 பாருங்கள். அவபக்தியையும் லௌகிக இச்சைகளையும் வெறுக்க நமக்குப் போதிப்பதே அந்தக் கிருபைதான். இரட்சிப்பைச் சம்பாதிக்க அல்ல, கிடைத்துவிட்டதால் பிரயாசப்படுகிறோம்.

பீடி சுற்றும் தாய், முக்கூடல்: நாலு பேரு தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தா புறணிதான் ஓடும். நானும் சேந்துருதேன். எந்திரிச்சுப் போக முடியாதே, சோறு அதுலதானே.

போக வேண்டாம் அம்மா. அங்கே இல்லாத ஒருவரின் பெயர் வந்ததும், "அவளுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு, பிள்ளைக்கு வேலை கிடைச்சுதா" என்று அவருக்கு நன்மையாக ஒரு கேள்வி போடுங்கள். இரண்டு தடவை போட்டால் பேச்சு திரும்பிவிடும். யாரைப் பற்றிப் பேசிவிட்டீர்களோ, அவரைப் பற்றி அதே கூட்டத்தில் ஒரு நல்ல உண்மையைச் சொல்வது அடுத்த நாள் வேலை. ரகசியமாக மன்னிப்புக் கேட்பதைவிட இது கடினம். சேதம் அந்தக் கூட்டத்தில்தான் நடந்தது, சரிசெய்வதும் அங்கேதான்.

ஆசிரியை, மெஞ்ஞானபுரம்: சனிக்கிழமை விழுந்துவிட்டு ஞாயிறு திருவிருந்துக்குப் போகலாமா?

"மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து" புசிக்கட்டும் என்கிறது 1 கொரிந்தியர் 11:28. சோதித்தறிந்து விலகச் சொல்லவில்லை. பாவத்தை வெறுத்து, அறிக்கையிட்டு, விட்டுவிட மனமிருந்தால் வாருங்கள். திங்கட்கிழமையும் அதைச் செய்ய ஏற்பாடு வைத்துக்கொண்டு வரக்கூடாது.

வியாபாரி, சாத்தான்குளம்: வாலிபத்தில் வேலை பார்த்த கடையில் கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா 18,000 ரூபாய் வரை எடுத்திருக்கேன். முதலாளி இறந்துட்டார். காணிக்கைப் பெட்டியில் போட்டால் போதுமா?

போதாது ஐயா, வாரிசு இருக்கும்வரை. எண்ணாகமம் 5:7, 8 வரிசையாகச் சொல்கிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கு. நியாயப்பிரமாணத்தின் கீழ் இல்லாத நமக்கு இந்த அளவு சட்டமல்ல, ஆனால் நல்ல வழிகாட்டி. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்க் கொடுக்க முன்வந்தான். 18,000-க்கு ஐந்தில் ஒரு பங்கு 3,600. மொத்தம் 21,600. ஒரே தடவையில் முடியாவிட்டால் மாதம் 1,800 வீதம் 12 மாதம்.

முதலாளியின் பிள்ளைகளை நேரில் பாருங்கள். "உங்கப்பா கடையில் இருந்தப்ப கல்லாவிலிருந்து 18,000 வரை எடுத்தேன். அது திருட்டு. மன்னிச்சிருங்க" என்ற அளவில் நிறுத்துங்கள். வறுமையையும் சம்பளக் குறைவையும் அந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள். வேறு யாராவது உடந்தையாக இருந்திருந்தால் அவர் பெயரை இழுக்க வேண்டாம், அது அவர் செய்ய வேண்டிய அறிக்கை. அவர்கள் கோபப்படலாம், ஊரில் சொல்லலாம், பணத்தை வாங்க மறுக்கலாம். மறுத்தால் இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், அவர்கள் சொல்கிற இடத்துக்கு அவர்கள் அப்பா பெயரில் கொடுத்துவிட்டு, ரசீதை அவர்களிடமே ஒப்படையுங்கள்.