பழைய கார்களின் மின் ஹாரன்: உறுப்பினர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மோட்டார் வாகனங்களில் மின்சார ஹாரன் வந்த முதல் இருபது இருபத்தைந்து ஆண்டுகளை, அதாவது ஏறத்தாழ 1908 முதல் 1930 வரையிலான காலத்தை, ஒட்டிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். இத்தகைய ஹாரன்களைப் பல ஆண்டுகளாகப் பிரித்துச் செப்பனிட்டு வருபவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கையில் இருக்கும் ஹாரனின் சுருதியை எது தீர்மானிக்கிறது என்று கண்டறிந்த பிறகு திருப்புளியை எடுங்கள். அது தெரியாமல் திருகைத் தொட்டுக் கெடுத்த ஹாரன்களே என்னிடம் மிகுதியாக வந்திருக்கின்றன.

கேள்வி (தஞ்சாவூர்): ‘கிளாக்சன்’ என்பது ஒரு நிறுவனத்தின் பெயரா, ஹாரன் வகையின் பெயரா? அந்த ‘ஆ-ஊ-கா’ ஓசை எப்படி உண்டாகிறது?

பதில்: முதலில் அது வணிகப் பெயர், பிறகு மக்கள் வாயில் வகைப் பெயராகிவிட்டது. அதை வடிவமைத்தவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்த மில்லர் ரீஸ் ஹட்சிசன். காது மந்தமானவர்களுக்கான மின்சாரச் செவிக் கருவியை உருவாக்கியவரும் இவரே. பின்னாளில் எடிசனிடம் தலைமைப் பொறியாளராகவும் இருந்தார். நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் இருந்த லவல்-மெக்கானல் நிறுவனம் 1908 வாக்கில் இந்த ஹாரனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ‘வீறிடுதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினார்கள்.

உள்ளே இருப்பது மிக எளிய ஏற்பாடு. வில்லெஃகால் ஆன மெல்லிய வட்டத் தகடு ஒன்று (டயாபிரம்) விளிம்பில் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். அதன் நடுவில் கடினமான எஃகுக் குமிழ் ஒன்று பதிந்திருக்கும். சிறிய மின் மோட்டாரின் தண்டில் பொருத்திய பற்சக்கரம் சுழலும்போது, ஒவ்வொரு பல்லும் அந்தக் குமிழை அழுத்தித் தள்ளிவிட்டுச் செல்லும். தகடு தன் வில்விசையால் திரும்பி வந்து அடுத்த பல்லைச் சந்திக்கும். பற்சக்கரத்துக்கு 10 பற்கள் என்றும், மோட்டார் நிமிடத்துக்கு 2,400 சுற்றுகள் சுற்றுகிறது என்றும் வைத்துக்கொண்டால், நொடிக்கு 40 சுற்று, 400 தள்ளல்; ஆகவே 400 ஹெர்ட்ஸ். பொத்தானை அழுத்தியவுடன் மோட்டார் நின்ற நிலையிலிருந்து வேகம் எடுப்பதால் சுருதி ஏறுகிறது. விட்டவுடன் சுழற்சி தளர்வதால் இறங்குகிறது. நீங்கள் கேட்கும் ‘ஆ-ஊ-கா’ என்பது அந்த மோட்டாரின் ஓட்டமும் ஓய்வும்தான்.

அது ஏன் அத்தனை கரகரப்பாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பல் தகட்டைத் தள்ளுவது மென்மையான அலையாக அல்ல, வெட்டு வெட்டாக. அதனால் அடிப்படைச் சுருதியோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, பத்து மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்தே எழுகின்றன. மனிதக் காது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையை மிகக் கூர்மையாக உணரும். அன்றைய இயந்திர இரைச்சலில் ரப்பர் பந்து ஹாரனின் ‘பாம்’ அமுங்கிப் போக, கிளாக்சன் மட்டும் துளைத்துக்கொண்டு கேட்டது இதனால்தான்.

கேள்வி (கோயம்புத்தூர்): என் 1929 ஃபோர்டு மாடல் ஏ காரை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டேன். ஹாரன் பழையதே. அப்படியே இணைக்கலாமா?

பதில்: கூடாது. அது 6 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட மோட்டார். 12 வோல்ட் கொடுத்தால் தொடக்க மின்னோட்டம் இரு மடங்காகும். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் பிரஷ்ஷும், அது உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரும் தீயும். சுற்று வேகம் கூடுவதால் பற்கள் குமிழை அரைத்துவிடும். தொடராக மின்தடை வைப்பதென்றால், முதலில் உங்கள் ஹாரன் 6 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று அளந்து பாருங்கள். உதாரணமாக 10 ஆம்பியர் என்றால் 0.6 ஓம் தேவை. அந்தத் தடை 60 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும். அப்போதும் மோட்டார் மெதுவாகவே வேகம் எடுக்கும். ஏனெனில் தொடக்கத்தில் மின்னோட்டம் மிகுதியாக இருக்கையில் தடையும் மிகுதியான வோல்ட்டை விழுங்கிவிடும்.

கேள்வி (மதுரை): ஃபோர்டு மாடல் டி காரின் மேக்னெட்டோ ஹாரனை மேசையில் வைத்து பேட்டரியில் சோதித்தேன். ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த ஹாரன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1915இல் மாடல் டி காருக்கு மின் விளக்கும் மின் ஹாரனும் வந்தபோது அதில் பேட்டரியே கிடையாது. இயந்திரத்தின் சுழல்சக்கரத்தில் 16 காந்தங்களைப் பொருத்தி, எதிரே 16 கம்பிச்சுருள்களை நிறுத்தி, அதிலிருந்தே தீப்பொறிக்கும் விளக்குக்கும் மின்சாரம் எடுத்தார்கள்; இந்த அமைப்புதான் மேக்னெட்டோ. காந்தங்களின் வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறி வருவதால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 8 முழு அலைகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் 80 ஹெர்ட்ஸ். 1,200 சுற்றில் 160 ஹெர்ட்ஸ். மின்னோட்டமே தானாக ஏறி இறங்குவதால், ஹாரனுக்குள் அதைத் துண்டித்து இணைக்கும் பாயின்ட் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மின்காந்தமும், அது இழுத்து விடும் தகடும் போதும். நீங்கள் பேட்டரியைக் கொடுத்தபோது நேர்திசை மின்னோட்டம் தகட்டை ஒருமுறை இழுத்துப் பிடித்துக்கொண்டது. அந்த ‘டிக்’ அதுதான்.

ஆகவே இந்த ஹாரனின் சுருதி ஓட்டுநரின் கையில் இருக்கிறது. இயந்திரம் மெதுவாக ஓடினால் சோர்ந்த முனகல், வேகமாக ஓடினால் உரத்த குரல். ஒரு பாகத்தைக்கூட வீணாக்காமல், ஏற்கெனவே இருக்கும் மின்சாரத்தின் இயல்பையே ஓசையாக மாற்றிய அந்தச் சிக்கனத்தை நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை: காரில் பொருத்தியிருக்கும் நிலையில் மேக்னெட்டோ இணைப்புமுனையில் பேட்டரியை ஒருபோதும் தொடாதீர்கள். அந்த மின்னோட்டம் சுருள்களில் பாய்ந்து சுழல்சக்கரக் காந்தங்களின் வலிமையைப் போக்கிவிடும். பிறகு ஹாரனும் வேலை செய்யாது, தீப்பொறியும் வராது, இயந்திரத்தைப் பிரிக்க வேண்டிவரும்.

கேள்வி (சேலம்): மன்னிக்கவும் ஐயா. கிளாக்சனை நீங்கள் ‘மின் ஹாரன்’ என்று சொல்வதே தவறு. ஓசையை எழுப்புவது பல்லும் தகடும். மின்சாரம் சக்கரத்தைச் சுற்றுகிறது, அவ்வளவே. கையால் அழுத்தும் கிளாக்சனும் அதே ஓசையைத்தானே தருகிறது?

பதில்: நல்ல ஆட்சேபம். கை கிளாக்சனில் மேலிருக்கும் தண்டை அழுத்தினால் பற்சட்டமும் பற்சக்கரங்களும் சேர்ந்து அதே தகட்டை அதிரச் செய்கின்றன. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் விஷவாயு எச்சரிக்கைக்கு அதைப் பயன்படுத்தினார்கள் என்பதும் உங்கள் பக்கம் வலுச் சேர்க்கும் செய்தி. ஆனாலும் நான் உடன்படவில்லை. கை அழுத்தத்தில் கிடைப்பது ஒரே ஒரு வீறிடல். பொத்தானை அழுத்தும் நேரமெல்லாம் நீளும் ஓசையை மோட்டார்தான் தந்தது. எஃகுத் தகட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை தள்ளத் தேவைப்படும் ஆற்றலை ஓட்டுநர் விரல் நுனியால் செலவிட முடிந்ததே அதை மின் ஹாரன் ஆக்குகிறது.

கேள்வி (திருச்சி): என் காரை 12 வோல்ட்டாக மாற்றியிருக்கிறேன். பழைய 6 வோல்ட் ஹாரன் தாங்குமா?

பதில்: தாங்காது. கோயம்புத்தூர் உறுப்பினருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

கேள்வி (ஓசூர்): லாரிக்கான ஏர் ஹாரனில் எந்த வகை நல்லது?

பதில்: அது என் துறை அல்ல. லாரி மின்வேலை செய்யும் பட்டறையில் கேளுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): மோட்டார் வகை ஹாரன் கரகரவென்று திணறுகிறது. பின்பக்கத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும்?

பதில்: இப்போதைக்குத் திருப்பவே வேண்டாம். பல மாதிரிகளில் அந்தத் திருகு ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) தண்டை முன்னே தள்ளி, பற்கள் குமிழில் அழுந்தும் அளவைக் கூட்டுகிறது. மோட்டார் சோர்ந்திருக்கும்போது அழுத்தத்தைக் கூட்டினால் அது மேலும் திணறி, நின்று, சூடாகிப் புகையும். தொடக்க காலத்தில் நானே ஒரு நல்ல ஆர்மேச்சரை இப்படி எரித்திருக்கிறேன். அந்த வாசனை இன்னும் மறக்கவில்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்கள். கம்யூட்டேட்டரை மிக மெல்லிய மணல்தாளால் துடையுங்கள். எமரித்தாள் வேண்டாம், அதன் துகள்கள் பதிந்து பிரஷ்ஷை அரிக்கும். பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றனவா, ஸ்பிரிங்குகள் அழுத்துகின்றனவா என்று பாருங்கள். தண்டின் தாங்கிக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய், பற்களுக்கு மிக மெல்லிய கிரீஸ் பூச்சு. பிறகு திருகைத் தளர்த்தி மோட்டாரைத் தனியே ஓட விடுங்கள். அது தடையில்லாமல் சுற்றினால் மட்டும் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகச் சிறிது சிறிதாக முறுக்கி, தெளிவான ஓசை வந்த இடத்தில் நிறுத்திப் பூட்டு நட்டை இறுக்குங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐரோப்பாவில் ‘ஆ-ஊ-கா’ ஹாரனை விட ஒரே சீரான ஓசை தரும் ஹாரன்தான் பரவியதாகச் சொல்கிறார்கள். அது எப்படி வேறுபட்டது?

பதில்: அது மின்மணியின் வழிவந்தது. 1830களில் பிராங்க்பர்ட் நகரில் வாக்னர் என்பவர் அமைத்த, தன் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் சுத்தியல்தான் அதன் மூலம். பொத்தானை அழுத்தினால் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து, தகட்டோடு பிணைந்த ஆர்மேச்சரை (இங்கே சுழலாத, காந்தம் இழுக்கும் இரும்புத் துண்டு) இழுக்கும். அது நகர்ந்த கணத்தில் பாயின்ட்டைத் திறந்துவிடும். மின்னோட்டம் நின்றதும் தகடு திரும்பும். பாயின்ட் மறுபடி மூடும். இங்கே சுருதியை முதன்மையாகத் தீர்மானிப்பவை தகட்டின் விறைப்பும், அதனோடு ஆடும் எடையும். பேட்டரி சற்றுத் தளர்ந்தாலும் குரல் தணியுமே தவிர, சுருதி மோட்டார் ஹாரனில் விழுவதுபோல விழாது.

ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் மின் ஹாரன் 1921இல் விற்பனைக்கு வந்தது. வடிவமைத்தவர் காட்லோப் ஹோனோல்ட். அந்நிறுவனத்தின் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் உருவாக்கிய அதே பொறியாளர். இந்தக் கொள்கையில் வளர்ந்த தட்டு ஹாரன்களில், ஆர்மேச்சர் ஒவ்வொரு ஆட்டத்திலும் மின்காந்தத்தின் மையத்தில் மோதும். அந்த மோதல், முன்பக்கம் பொருத்திய இரண்டாவது தட்டை 2,000 ஹெர்ட்ஸையொட்டியும் அதற்கு மேலும் ஒலிக்கச் செய்யும். கிளாக்சன் பல்லால் வெட்டிப் பெற்ற அதே துளைக்கும் குரல், இங்கே மோதலால் கிடைக்கிறது. பிரஷ், தாங்கி, பற்கள் என்று தேயும் பாகங்கள் எதுவும் இல்லாததால் இந்த வகையே பிற்காலத்தில் நிலைத்தது.

கேள்வி (சேலம்): உங்கள் பதிலே என் வாதத்தை நிரூபிக்கிறது. சுருதியைத் தீர்மானிப்பது எது என்று பார்க்கச் சொன்னவர் நீங்கள். கிளாக்சனில் அது சக்கரத்தின் வேகம். பாஷ் ஹாரனில்தான் மின்சாரமும் தகடும் ஒன்றையொன்று பிணைத்து ஆடுகின்றன. பிந்தையதே உண்மையான மின் ஹாரன்.

பதில்: என் அளவுகோலாலேயே என்னை அளந்திருக்கிறீர்கள், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஓசையின் பிறப்பை வைத்துப் பிரித்தால் கிளாக்சன் மின்சாரத்தால் ஓடும் எந்திர ஹாரன். மற்றது மின்காந்த ஹாரன். என் குறிப்புகளில் இனி இந்த இரு பெயர்களையே எழுதுகிறேன். ஆனால் உங்கள் பிரிவுக்கு ஒரு சோதனை: மாடல் டி ஹாரனை எதில் சேர்ப்பீர்கள்? அங்கே ஓசை மின்காந்தத்தில் பிறக்கிறது. சுருதியோ சுழல்சக்கரத்தின் வேகத்தில். உங்கள் இரு கூடைகளிலும் அதற்கு ஒவ்வொரு கால் இருக்கிறது. ஓசை பிறக்கும் இடம், சுருதி பிறக்கும் இடம் இரண்டையும் தனித்தனியே கேட்டால்தான் அதற்கு இடம் கிடைக்கும்.

கேள்வி (திருநெல்வேலி): டயாபிரம் துருப்பிடித்துப் போனது. இரு மடங்கு கனமுள்ள தகடு வெட்டிப் போடலாமா? நீடித்து உழைக்கும் அல்லவா?

பதில்: வேண்டாம். விளிம்பில் பிடித்த வட்டத் தகட்டின் கனத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். இயற்கை அதிர்வெண் இரட்டிக்கும். மோட்டார் வகையில் பற்களால் அதைத் தள்ள முடியாது. மின்காந்த வகையில் பாயின்ட் திறக்கும் அளவுக்கு அது அசையாது. பழைய கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்து, அதே கனத்தில் வில்லெஃகுத் தகடு வாங்குங்கள். சாதாரண இரும்புத் தகடு சில நாளில் பள்ளமாகிவிடும்.

கேள்வி (ஈரோடு): 6 வோல்ட் ஹாரனுக்கு 12 வோல்ட் ஒரு நொடி மட்டும் கொடுத்தால்?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. ஒரு நொடியும் கூடாது. தொண்ணூறு வயதைக் கடந்த கம்பிச்சுருளின் காப்புறை எவ்வளவு தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வோல்ட் பற்றிய கேள்விகளுக்கு இதற்கு மேல் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (சென்னை): மாடல் ஏ காரில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த் (காரின் உடலோடு இணைக்கும் முனை). யாரோ மாற்றி இணைத்துவிட்டார்கள். ஹாரன் மோட்டார் தலைகீழாகச் சுற்றிப் பற்கள் உடையுமா?

பதில்: உடையாது. அது தொடர்ச்சுற்று மோட்டார், அதாவது அசையாத நிலைச்சுருளும் ஆர்மேச்சரும் ஒரே பாதையில் தொடராக இணைந்தது. முனைகள் மாறினால் நிலைச்சுருளிலும் ஆர்மேச்சரிலும் ஒருசேர மின்னோட்டம் திசை மாறும். சுழலும் திசை மாறாது. ஆனால் ஜெனரேட்டரையும் அம்மீட்டரையும் உடனே கவனியுங்கள். இன்னொன்று: அந்தக் காரில் ஹாரனுக்கு மின்சாரம் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், பொத்தான் செய்வது எர்த் பாதையை மூடுவது மட்டுமே. ஆகவே ஹாரனைக் கழற்றுவதற்கு முன் சாவியை அணைத்தால் போதும் என்று எண்ணாமல், பேட்டரியின் எர்த் கம்பியை எடுத்துவிடுங்கள்.