கன்ட்ரோலர் வாங்குமுன் சாஃப்ட்வேரின் சாவி யாரிடம் என்று பாருங்கள்

கேள்வி: தேவகோட்டையில் மாமாவின் சவுண்ட் சர்வீஸோடு சேர்ந்து ரிசப்ஷன், மணிவிழாக்களுக்குப் பாட்டுப் போடுகிறேன். இதுவரை 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் வெர்ச்சுவல் டிஜே சாஃப்ட்வேர், மவுஸ், கீபோர்டுதான். இப்போது கன்ட்ரோலர் (லேப்டாப் பாட்டுகளைக் கையால் கலக்கும் பட்டன் பெட்டி) வாங்க ஆசை. புதிய பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 வாங்கலாமா? காரைக்குடியில் தெரிந்தவர் ஒருவர் டிராக்டர் கன்ட்ரோல் எஸ்2 எம்கே3-ஐப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். கடைக்காரர் ஒருவரோ வேறொரு மிடி கன்ட்ரோலரைக் காட்டி, ‘இது எல்லா சாஃப்ட்வேருக்கும் ஓடும்’ என்கிறார். எது என் சாஃப்ட்வேரோடு ஒத்துப்போகும்? போனில் வைத்தே ஓட்ட முடியுமா?

பதில்: மூன்றையும் லேப்டாப்பில் சொருகினால் விளக்கு எரியும், பட்டன் வேலை செய்யும். ஆனால் சாஃப்ட்வேர் முழுதாகத் திறக்குமா, திறப்பதற்கு யார் காசு கட்டுவது என்பதில்தான் மூன்றும் வேறு வேறு. சாதனத்தின் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற டிஜே சாஃப்ட்வேர்களில் பெரும்பாலும் சாதனமே சாவி. எஃப்எல்எக்ஸ்4-ஐ யுஎஸ்பியில் சொருகினால் ரெக்கார்ட்பாக்ஸில் பாட்டுகளைக் கலந்து வாசிக்கும் பெர்ஃபார்மன்ஸ் பகுதி சந்தா இல்லாமல் திறந்துகொள்ளும், கழற்றினால் மூடிக்கொள்ளும். அதே கன்ட்ரோலர் செராட்டோ டிஜே லைட்டையும் இலவசமாக ஓட்டும், ஆனால் செராட்டோ டிஜே புரோவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். அதற்கு மேல்படியான எஃப்எல்எக்ஸ்6 என்ற கன்ட்ரோலர், செராட்டோ புரோவையும் சேர்த்தே திறந்துவிடும். ஆகவே செராட்டோ புரோதான் வேண்டும் என்று மனதில் இருந்தால், சின்ன கன்ட்ரோலரின் விலையோடு சாஃப்ட்வேரின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

வெர்ச்சுவல் டிஜே வேறு வழி. அங்கே சாவி உங்கள் கணக்கில் இருக்கிறது, சாதனத்தில் இல்லை. மிகப் பல கன்ட்ரோலர்களை, எஃப்எல்எக்ஸ்4-ஐயும் எஸ்2-வையும் சேர்த்து, சொருகியதும் தானே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் இலவசம் என்பது வீட்டில் சும்மா வாசிப்பதற்கு மட்டும். நீங்கள் காசு வாங்கிக்கொண்டு விசேஷத்துக்குப் போகிறீர்கள், கன்ட்ரோலரும் சேரப்போகிறது. புரோ லைசென்ஸ் வேண்டும். மாதச் சந்தாவாகவும் வாங்கலாம், ஒரே தடவையாகவும் கட்டலாம்.

இனி காரைக்குடி எஸ்2. கருவியைக் குறை சொல்ல முடியாது, நல்ல கருவி. ஆனால் அதோடு வரும் டிராக்டர் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் முதல் ஆள் பதிவு செய்த கணக்கோடு போய்விடும், பெட்டியோடு வராது. விற்பவர் அதை முறைப்படி உங்கள் கணக்குக்கு மாற்றித் தருகிறாரா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி’ என்றால், டிராக்டரின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். வெர்ச்சுவல் டிஜே புரோவிலேயே தொடரப்போகிறீர்கள் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நாளைக்குச் செராட்டோவுக்கு மாற நினைத்தால் இந்தப் பெட்டி அங்கே எடுபடாது.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. மிடி என்பது இசைச் சாதனங்களும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983-இல் வந்த பொது மொழி. வெர்ச்சுவல் டிஜே, டிராக்டர், இலவசமாகவே கிடைக்கும் மிக்ஸ் (Mixxx) என்ற சாஃப்ட்வேர் இவற்றிலெல்லாம் எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று நாமே வரைந்துகொள்ளலாம். செராட்டோ அப்படி விடாது. தன் பட்டியலில் உள்ள சாதனம் ஒன்று சொருகியிருந்தால்தான், கூடுதலாக இன்னொரு மிடி பெட்டியை அனுமதிக்கும். ரெக்கார்ட்பாக்ஸில் மிடி ஏற்பாடு உண்டு, ஆனால் திறக்கும் சாதனம் இல்லாததால் சந்தா கட்ட வேண்டும். போதாததற்கு, சில மலிவான மிடி பெட்டிகளில் சவுண்ட் கார்டே கிடையாது. ஸ்பீக்கருக்கு இரண்டு சேனல், ஹெட்போனுக்கு இரண்டு சேனல் என்று நான்கு வெளியே வந்தால்தான் அடுத்த பாட்டைக் காதில் கேட்டுத் தயார் செய்ய முடியும். வாங்குமுன் இந்த ஒன்றையாவது கேட்டுவிடுங்கள்.

சாவி விஷயம் முடிந்ததும் ஜாக் வீலையும் (பாட்டை முன்னும் பின்னும் தள்ளும் வட்டு) பிட்ச் ஃபேடரையும் (வேகத்தை மாற்றும் நகர்த்தி) பாருங்கள். வெளிநாட்டு விமர்சனங்களில் இவற்றை ஸ்கிராட்ச் செய்கிறவர்களின் சமாசாரமாகப் பேசுவார்கள். நம் பாட்டுகளுக்கு இது வயிற்றுப்பாடு. எழுபது, எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் தாளத்தை மனிதர்கள் வாசித்தார்கள். வேகம் பாட்டுக்குள்ளேயே கொஞ்சம் ஏறும், இறங்கும். சாஃப்ட்வேர் முதல் சில அடிகளைப் பார்த்துச் சீரான கட்டம் போட்டுவிட்டால், இரண்டாம் சரணத்தில் அடி ஒரு பக்கம், கட்டம் ஒரு பக்கம். இரண்டு பாட்டின் தாளத்தையும் தானே சேர்க்கும் சிங்க் பட்டனை நம்பி அங்கே அடுத்த பாட்டை ஏற்றினால் இரண்டு தாளமும் இடித்துக்கொள்ளும். குத்துப்பாட்டில் இன்னொரு வம்பு: ஆறு எட்டுத் தாளத்தில் நிமிடத்துக்கு 90 அடியில் போகிற பாட்டைச் சாஃப்ட்வேர் 135 என்று படித்துவிடும். ரெக்கார்ட்பாக்ஸில் மாறும் வேகத்தைப் பின்தொடரும் டைனமிக் ஆய்வு முறை உண்டு, பழைய பாட்டுகளுக்கு அதைப் போடுங்கள். அப்போதும் கடைசியில் கையால் தள்ளித்தான் சரிசெய்ய வேண்டிவரும்.

அதனால் கடையில் பேட் விளக்குகளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோங்கள்; மதுரை, திருச்சி வரை போக வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. பழைய பாட்டு ஒன்றையும் புதுப் பாட்டு ஒன்றையும் ஏற்றி, சிங்க்கை அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். பிட்ச் ஃபேடரை மெல்ல நகர்த்தும்போது வேகம் நுணுக்கமாக மாறுகிறதா, தாவித் தாவி மாறுகிறதா? சாதாரண மிடி கட்டளைக்கு 128 படிகள்தான். நல்ல கன்ட்ரோலர்கள் இரண்டு கட்டளைகளைச் சேர்த்து 16,384 படிகள் வரை தரும். வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

சரி, நம் ஊர் வீடுகளுக்கு வருவோம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டில், உங்கள் மேசையைப் பட்டாலை ஓரத்தில் போட்டுவிட்டு, மாமா ஆம்ப்ளிஃபயரை வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் வைப்பார். எஃப்எல்எக்ஸ்4, எஸ்2 இரண்டுக்கும் மாஸ்டர் அவுட், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு, சாதாரண ஆர்சிஏ பிளக் மட்டுமே. அந்த ஒயரை அவ்வளவு தூரம் இழுத்தால் வழியிலுள்ள கரண்ட் ஒயர்களின் உறுமலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். இரண்டு, மூன்று மீட்டருக்குள் ஒரு இரட்டை டிஐ பாக்ஸில் (ஒலியை நீண்ட ஒயருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) கொடுத்து, அங்கிருந்து இரைச்சலைத் தாங்கும் எக்ஸ்எல்ஆர் ஒயரில் மிக்சருக்கு அனுப்புங்கள். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸாகப் பாருங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போது லேப்டாப் சார்ஜரிலிருந்து வருகிற இரைச்சலையும் அது பெரும்பாலும் அறுத்துவிடும். சார்ஜரைப் பிடுங்கினால் உறுமல் நிற்கிறது என்றால் நோய் அதுதான். அதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை ஒடிக்கிற வேலை மட்டும் வேண்டாம், உயிர்ப் பிரச்சினை.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் பார்க்க அழகு, ஒலிக்கு அவ்வளவு நல்லதல்ல. எதிரொலி ஒரு பக்கம் இருக்கட்டும், ஸ்பீக்கர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் சத்தம் உங்களிடம் வந்துசேரவே கிட்டத்தட்ட 60 மில்லிசெகண்ட் ஆகும். அதைக் கேட்டுத் தாளம் சேர்த்தால் தவறாமல் பிசகும். எனவே ஹெட்போனில் க்யூவையும் (அடுத்து வரும் பாட்டு) மாஸ்டரையும் (ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு) கலந்து கேட்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த விலையில் பூத் அவுட் (உங்கள் பக்கத்து ஸ்பீக்கருக்கான தனி வெளியீடு) கிடைக்காது. மாமாவின் மிக்சரிலிருந்து ஒரு சின்ன மானிட்டரைப் பக்கத்தில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

மைக்கைக் கன்ட்ரோலரில் சொருகவே சொருகாதீர்கள். பெண் மாப்பிள்ளையை வரவேற்கிறவர், மொய்க் கணக்கு அறிவிக்கிறவர் எல்லோரும் நேராக மிக்சருக்குப் போகட்டும். உங்கள் லேப்டாப் உறைந்தாலும் மைக் பேசும்.

லேப்டாப் உங்களுடையது போதும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (சாஃப்ட்வேர் ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலி அளவு) 256 என்றால் தாமதம் சுமார் 6 மில்லிசெகண்ட், 512 என்றால் 12. பெருமைக்காக 128-க்கு இறக்கிவிட்டுப் பொரிகிறதே என்று புலம்புகிறவர்கள் உண்டு, 512-இல் தொடங்குங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பிலேயே சொருகுங்கள்.

என் தீர்ப்பு: எஃப்எல்எக்ஸ்4. வெர்ச்சுவல் டிஜேயில் க்யூ புள்ளிகளெல்லாம் (பாட்டில் தொடங்க வேண்டிய இடக் குறிகள்) வைத்து அடுக்கிய பாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அதிலேயே புரோ லைசென்ஸோடு தொடருங்கள். அவ்வளவு இல்லை என்றால் ரெக்கார்ட்பாக்ஸுக்கு மாறுங்கள். லைசென்ஸ் காசு மிச்சம், அந்தக் காசில் டிஐ பாக்ஸ் வாங்கலாம். ஆனால் மாறுவதென்றால் முகூர்த்த மாதத்துக்கு நடுவில் மாறாதீர்கள். வெர்ச்சுவல் டிஜேயின் க்யூ புள்ளிகள் அதன் சொந்தத் தரவுத்தளத்தில் இருக்கும். ரெக்கார்ட்பாக்ஸ் அதை நேரடியாகப் படிக்காது. மாற்றித் தரும் தனி மென்பொருள்கள் உண்டு, இருந்தாலும் கொண்டுபோன பிறகு முக்கியமான பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் போன்: எஃப்எல்எக்ஸ்4 ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும், பழகிக்கொள்ள நல்லது. விசேஷத்துக்கு லேப்டாப்தான். லேப்டாப் உறைந்தால் கைகொடுக்க, போனில் ஓரிரு மணி நேரத்துக்கான பாட்டுகளை ஏற்றி, ஃபிளைட் மோடில் போட்டு, ஒரு ஒயரோடு மாமாவின் மிக்சர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.