விஆர் விளையாட 1,60,000 ரூபாய் கம்ப்யூட்டர் தேவையா?

தலையில் மாட்டும் ஹெட்செட்டில் சுற்றிலும் காட்சி தெரியும் மெய்நிகர் (விஆர்) விளையாட்டு பற்றி, குளச்சலில் இருந்து ஒரு கல்லூரி மாணவரின் கேள்வி: "2021-இல் வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. ஐ5-10400எஃப் பிராசசர், எச்410 மதர்போர்டு, 8 ஜிபி ராம் (ஒரே ஸ்டிக்), ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). துபாயில் இருக்கும் மாமா லீவுக்கு வரும்போது மெட்டா குவெஸ்ட் 3எஸ் விஆர் ஹெட்செட் வாங்கி வருகிறேன் என்கிறார். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், பீட் சேபர், அசெட்டோ கோர்ஸா ஆட ஆசை. நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டதற்கு ஐ7-14700எஃப், 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, லிக்விட் கூலர், 27 இன்ச் மானிட்டர் என்று 1,60,000 ரூபாய்க்கு கொட்டேஷன் தந்தார்கள். இவ்வளவு செலவழிக்கத்தான் வேண்டுமா?"

வேண்டாம். இருக்கும் கம்ப்யூட்டரிலேயே, 2025 நடுப்பகுதி விலையில், 40,000 முதல் 45,000 ரூபாய்க்குள் வேலை முடியும். அந்தக் கொட்டேஷனில் பணம் போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. ஹெட்செட்டைத் தலையில் மாட்டியபின் 27 இன்ச் மானிட்டரை யார் பார்க்கப் போகிறார்கள்? லிக்விட் கூலரும் 20 கோர் பிராசசரும் இந்த மூன்று விளையாட்டுகளுக்கு மிகை. விஆருக்கு உயிர்நாடியான கிராபிக்ஸ் கார்டோ 8 ஜிபியோடு நின்றுவிட்டது.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். சாதாரண 1080பி மானிட்டரில் ஒரு படத்துக்குச் சுமார் 20 லட்சம் புள்ளிகள். குவெஸ்ட் 3எஸ்-இல் ஒரு கண்ணுக்கு 1832×1920. இரு கண்ணுக்கும் சேர்த்தால் 70 லட்சம். லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட அதைவிடக் கூடுதலாகவே கார்டு வரைய வேண்டியிருக்கும். 90 ஹெர்ட்ஸில் ஓடினால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 11.1 மில்லி செகண்ட் மட்டுமே. மானிட்டரில் படம் லேசாகத் தட்டினால் சகித்துக்கொள்ளலாம். தலை திரும்பியும் படம் திரும்பாவிட்டால் பத்தே நிமிடத்தில் குமட்டும். இந்தச் சுமை முக்கால்வாசியும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழுகிறது.

உங்கள் ஜிடிஎக்ஸ் 1650 இதில் தேறாது. கம்ப்யூட்டரில் ஓடும் விளையாட்டை ஹெட்செட்டுக்கு அனுப்பும் குவெஸ்ட் லிங்க்குக்கு மெட்டா ஆதரவு தரும் கார்டுகளில் அது இல்லை. 4 ஜிபி மெமரிதான். அலிக்ஸ் குறைந்தபட்சமாகக் கேட்பது 6 ஜிபி மெமரியுள்ள ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580 தரம், கூடவே 12 ஜிபி ராம். பிராசசரைப் பொறுத்தவரை ஐ5-7500 போதும் என்பதால் உங்கள் 10400எஃப் தாராளம்.

மாற்றுக் கார்டாக நான் சொல்வது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. 4060 புதியது, மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். பிறகு ஏன் பழையது என்று கடைக்காரர் கேட்பார். கார்டை போர்டோடு இணைக்கும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ; உங்கள் போர்டும் பிராசசரும் அதில் 3.0 தலைமுறை. 4060-இல் 8 லேன் (தரவு ஓடும் தடம்) மட்டுமே உண்டு. 4.0 ஸ்லாட்டில் அது குறையாகத் தெரியாது, 3.0-இல் பாதை பாதியாகச் சுருங்கிவிடும். கார்டின் 8 ஜிபி நிரம்பி, தரவு ராமுக்கும் கார்டுக்கும் இடையே ஓடத் தொடங்கும்போது படம் இடறும். விஆரில் 8 ஜிபி நிரம்புவது அபூர்வமும் இல்லை. 3060-க்கு 16 லேனும் 12 ஜிபியும் இருப்பதால் பழைய போர்டுக்கு அது பொருந்தி வரும். வாங்கும்போது பெட்டியில் 12 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்பனைக்கு வந்தது. அதன் மெமரிப் பாதை குறுகியது, வேகமும் குறைவு.

விலை குறைவு என்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 பக்கம் மனம் போகலாம். மானிட்டரில் விளையாட நல்ல கார்டுதான். ஆனால் குவெஸ்டுக்குப் படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டே போகிறது. அந்தச் சுருக்கும் வேலையை என்விடியா கார்டு சுத்தமாகச் செய்யும். இன்டெல் ஆர்க் கார்டை விஆருக்காக வாங்கவே வேண்டாம். பழைய சந்தையில் ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி என்று ஒட்டியிருந்தால் அது உண்மையில் 570-தான். அவற்றில் பலவும் கிரிப்டோ காயின் மைனிங்கில் வெந்து வந்தவை.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். ஊரில் அசெம்பிள் செய்யும் பல கம்ப்யூட்டர்களில் '450 வாட்ஸ்' என்பது ஸ்டிக்கரில் மட்டுமே இருக்கும். 3060 தனியாக 170 வாட்ஸ் எடுக்கும். என்விடியா பரிந்துரைப்பது 550 வாட்ஸ். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் பிசிஐஇ வயர் இல்லையென்றால், மோலெக்ஸ் என்ற பழைய வகை பவர் முனையில் இருந்து மாற்றித் தரும் வயரைக் கடையில் ஓசியில் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். அந்த இணைப்பு சூடேறி உருகி, கார்டின் சாக்கெட்டையும் கருக்கிவிடும். 80 பிளஸ் பிரான்ஸ் (மின் சிக்கன) முத்திரையுள்ள 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள். கேபினட்டுக்குள் கார்டுக்கு எவ்வளவு நீளம் இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போவதும் நல்லது.

ராமுக்கு அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் போதும். மொத்தம் 16 ஜிபி ஆவது ஒரு பக்கம். இரண்டு சேனலிலும் ஸ்டிக் இருப்பதால் பிராசசருக்குத் தரவு வரும் வேகம் இரட்டிப்பாவது மறுபக்கம். அசெட்டோ கோர்ஸாவில் கார்கள் கூடக்கூட அந்த வித்தியாசம் தெரியும்.

2025-ஆம் ஆண்டு நடுப்பகுதி விலையில், ஜிஎஸ்டி உட்பட, தோராயமாக: கார்டு 25,000 முதல் 27,000 வரை, எஸ்எம்பிஎஸ் 4,500, ராம் 2,000, யுபிஎஸ் 5,500, லிங்க் கேபிள் 2,000 முதல் 2,500 வரை. மெமரி விலை 2025 கடைசியில் கடுமையாக ஏறியது, ஆகவே ராமுக்குக் கையில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய 1650-ஐ விற்றால் சில ஆயிரம் திரும்பி வரும். கொட்டேஷனில் பொருள்வாரியாக விலையும் மாடல் எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள். 'கேமிங் செட்' என்று ஒரே வரியில் போட்டுத் தருவதை வைத்து ஒப்பிட முடியாது.

கையில் எதுவுமே இல்லாமல் புதிதாகக் கட்டுபவருக்கு அதே காலத்து விலையில் ரைசன் 5 7500எஃப், பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5, 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் என்று மானிட்டர் இல்லாமல் ஒரு லட்சத்தை ஒட்டி முடிக்கலாம். விமானம் ஓட்டும் சிமுலேட்டர்தான் குறி என்றால் கணக்கு வேறு. அதற்கு பிராசசரும் கார்டும் இரண்டுமே பலமாக வேண்டும், இரண்டு லட்சம்கூடக் கைகடிக்கும்.

இதையெல்லாம் வாங்கும் முன் ஒரு வார்த்தை. பீட் சேபர் குவெஸ்டுக்குள்ளேயே ஓடும்; கம்ப்யூட்டரே தேவையில்லை. மாமா வந்ததும் ஒன்றிரண்டு மாதம் ஹெட்செட்டை மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள். சிலருக்கு விஆர் குமட்டல் பழகவே பழகாது. அலிக்ஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும் என்பதால், அதை ஆடியே தீர வேண்டும் என்ற ஆசை அப்போதும் இருந்தால் கார்டு வாங்கப் போகலாம்.

கார்டு வந்தபின் லிங்க் கேபிளுக்கும் அவசரப்பட வேண்டாம். போனுக்கு வைத்திருக்கும் டேட்டா கேபிளிலேயே முதலில் இணைத்துப் பாருங்கள், யுஎஸ்பி 2.0-விலும் லிங்க் வேலை செய்யும், படம் மட்டும் சற்று மங்கும். திருப்தி இல்லையென்றால் 5 மீட்டர் யுஎஸ்பி 3 கேபிள் வாங்கி, கேபினட்டின் பின்பக்கம் மதர்போர்டில் உள்ள நீல நிற போர்ட்டில் செருகுங்கள். முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே போகும் மெல்லிய வயர்தான் அடிக்கடி இணைப்பு அறுவதற்குக் காரணம். விண்டோஸ் பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்து வையுங்கள்.

வயரில்லாமல் ஆட விரும்பினால் கம்ப்யூட்டரில் இருந்து ரவுட்டருக்கு கேட்6 லேன் வயர் போக வேண்டும்; ரவுட்டரும் விளையாடும் அறையிலேயே, 5 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். ஹாலில் ஃபைபர் ரவுட்டர், மாடியில் வைஃபை டாங்கிள் செருகிய கம்ப்யூட்டர் என்றால் படம் இரண்டு முறை காற்றில் போய் வரும். நடுவில் கான்கிரீட் தளம் வேறு. இன்டர்நெட் பிளானை உயர்த்தினாலும் இது சரியாகாது, ஏனென்றால் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை.

எல்லாம் பூட்டியபின், கம்ப்யூட்டரில் விஆர் விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருளில் ஃபிரேம் டைம் (ஒரு படத்துக்கு ஆகும் நேரம்) வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கார்டின் கோடு 11 மில்லி செகண்டைத் தாண்டினால் ரெசல்யூஷனைக் குறையுங்கள், அல்லது 72 ஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள், அப்போது 13.9 மில்லி செகண்ட் கிடைக்கும். பிராசசரின் கோடு தாண்டினால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை. பின்னணியில் ஓடுபவற்றை மூடுங்கள், ரேஸில் எதிராளி கார்களைக் குறையுங்கள்.

இனி நம்மூர்ப் பிரச்சினை. இந்த கம்ப்யூட்டர் விளையாட்டின்போது சுமார் 300 வாட்ஸ் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட்ஸ் அளவில்தான். மானிட்டரும் சேர்ந்தால் கரண்ட் போன நொடியில் அதுவும் சேர்ந்து அணைந்துவிடலாம். 1000 விஏ, 600 வாட்ஸ் வாங்குங்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் புதிய எஸ்எம்பிஎஸ்ஸை ஓட்டாதீர்கள், இரையும் அல்லது அணைந்துவிடும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் சரியில்லை. லிங்க் கேபிள் வழியாக ஹெட்செட் வரைக்கும் அது எட்டும் என்பதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஐப்பசி மாலை இடி முழங்கினால் கம்ப்யூட்டர் பிளக்கோடு ரவுட்டர் அடாப்டரையும் பிடுங்கி வையுங்கள். ஃபைபர் வழியே மின்னல் வராது, அடாப்டர் வழியே வந்து லேன் வயரில் புகுந்து மதர்போர்டைத் தின்றுவிடும்.

கடலோர வீட்டில் உப்புக்காற்று இன்னொரு செலவு. மாதக்கணக்கில் அணைத்தே கிடக்கும் கம்ப்யூட்டரில்தான் ராம் முனைகளில் களிம்பு சீக்கிரம் பிடிக்கும். தினமும் கொஞ்சம் ஓடிச் சூடேறும் கம்ப்யூட்டர் தப்பிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினட்டை வைக்காதீர்கள். ஹெட்செட்டை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். அதன் மேல் வெயில் நேராக விழக்கூடாது. லென்ஸ் பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். ஆடும் இடம் 2 மீட்டருக்கு 2 மீட்டராவது காலியாக இருக்கட்டும். கையை உயர்த்தினால் சீலிங் ஃபேன் எட்டுகிறதா என்று கன்ட்ரோலரைப் பிடித்தபடி, ஃபேனை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

மாமாவிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டியவையும் உண்டு. அங்கே வாங்கிய ஹெட்செட்டுக்கு இங்கே வாரண்டி கிடைக்காது என்றே கணக்கு வையுங்கள். ஆகையால் கடையிலிருந்து வந்த அன்றே பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பார்க்கட்டும். இரண்டு கன்ட்ரோலரின் ஸ்டிக்கும் தொடாமலே நகர்கிறதா, வெள்ளைத் திரையில் செத்த புள்ளி இருக்கிறதா, லென்ஸில் கீறல் உண்டா என்று பார்த்து, குறை இருந்தால் அங்கேயே மாற்றிவிடலாம். பில்லைப் பத்திரப்படுத்தட்டும், கஸ்டம்ஸில் கேட்கலாம். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் கைப்பையில் கொண்டு வரட்டும். சார்ஜர் முனை அந்த ஊர் வடிவில் இருக்கும். வீட்டிலுள்ள டைப்-சி பிடி போன் சார்ஜரே போதும். அங்கே பழைய ஹெச்பி, லெனோவோ, ஏசர் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலேயே மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நீக்கிவிட்டது.