பேட்டரியை மாற்றியும் பின் விளக்கு ஏன் போகிறது?

கேள்வி: அப்பா 2003-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ராத்திரியில் முள்ளியாற்றுக் கரையில் போய்வர வேண்டியிருக்கிறது. வண்டி நின்றால் ஹெட்லைட் மின்மினி மாதிரி ஆகிவிடுகிறது, முறுக்கினால்தான் வெளிச்சம். நாலு மாதத்தில் பின் விளக்கு பல்பு மூன்று போய்விட்டது. வலது இண்டிகேட்டர் போட்டால் முன்னால் இருப்பது சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கிறது, பின்னால் இருப்பது லேசாகச் சிவப்பதோடு சரி. புது பேட்டரி போட்டும் எதுவும் மாறவில்லை. டவுனில் ஒரு மெக்கானிக் வயரிங் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? பொங்கலுக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடித்தோம். மற்றபடி எந்த வேலையும் பார்க்கவில்லை.

பதில்: வேண்டாம் தம்பி. வயரிங் செட் என்பது கடைசியில் யோசிக்க வேண்டியது. நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்று கோளாறே இல்லை. மற்ற இரண்டும் வோல்டேஜ் அளக்கும் ஒரு மீட்டர், ஒரு துண்டு வயர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தால் கண்டுபிடித்துவிடக் கூடியவை. போகிற போக்கில் கடைசியாகப் பெயிண்ட் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். ஹாரன் அடிக்கும், இண்டிகேட்டர் எரியும், பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் வரும், நியூட்ரல் லைட் தெரியும். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டால் ஒன்றும் வராது. பின் விளக்கும் ஸ்பீடோமீட்டரில் உள்ள மீட்டர் விளக்கும்கூட வராது. காரணம், உங்கள் வண்டியில் மின்சாரம் இரண்டு வழியில் வருகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் பேட்டரியிலிருந்து வரும் டி.சி.யில் வேலை செய்கின்றன. ஹெட்லைட், பின் விளக்கு, மீட்டர் விளக்கு மூன்றும் பேட்டரியைத் தொடுவதே இல்லை. என்ஜின் ஓடும்போது மேக்னட் காயிலில் உண்டாகும் ஏ.சி. மஞ்சள் வயர் வழியாக நேராக அவற்றுக்குப் போகிறது. ஆக, பின் விளக்குக்காகப் பேட்டரி மாற்றியது பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று நீங்கள் மாத்திரை போட்டுக்கொண்டது போலத்தான். (பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிடவில்லை என்றால் சார்ஜ் போட்டுப் பாருங்கள், நன்றாகவே இருக்கலாம்.)

இது தெரிந்தால் ஹெட்லைட் விஷயம் தானாகப் புரியும். மேக்னட் மெதுவாகச் சுற்றினால் மின்சாரம் குறைவு, வேகமாகச் சுற்றினால் அதிகம். ஐடிலில் மங்குவதும் முறுக்கினால் பளிச்சென்று வருவதும் அந்தக் கால வண்டிகளுக்கு இயல்பு. புதிதாக வாங்கியபோதும் அப்படித்தான் இருந்திருக்கும், அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் நாற்பதில் போகும்போதும் வெளிச்சம் போதவில்லை என்றால் அது வேறு கதை. அப்போதுகூட முதலில் கழற்ற வேண்டியது வயரை இல்லை, கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் டூமை. இருபது வருஷத்து ரிஃப்ளெக்டரில் வெள்ளி உரிந்து கறுத்திருக்கும். கண்ணாடிக்கு உள்பக்கம் தூசி படிந்திருக்கும். பல்பு நன்றாக எரிந்தாலும் வெளிச்சம் ரோட்டுக்கு வராது. அதற்குப் புது டூம்தான் மருந்து. 35/35 வாட் போட வேண்டிய இடத்தில் 60/55 வாட் பல்பு போடுவது மருந்து இல்லை. அவ்வளவு மின்சாரம் தர அந்தக் காயிலால் முடியாது. இருக்கிற வெளிச்சமும் போய், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகுவதுதான் மிச்சம்.

அடுத்தது பின் விளக்கு பல்பு. செத்துப்போன பல்பு ஒன்றாவது வீட்டில் கிடந்தால் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருந்து, இழை மட்டும் ஓர் இடத்தில் அறுந்து தொங்கினால் அது அதிர்ச்சியில் போனது. ஆற்றங்கரைப் பள்ளமும் மேடும் அதைச் செய்யும். பின் விளக்கைத் தாங்கும் ரப்பர் இறுகிக் கல்லாகியிருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். அப்படி இல்லாமல், கண்ணாடிக்கு உள்ளே கண்மை பூசியது போலக் கறுப்போ, பாதரசம் தடவியது போல ஒரு மினுமினுப்போ இருந்தால் அது தாங்க முடியாத வோல்டேஜ் வந்து எரிந்துபோன பல்பு. நாலு மாதத்தில் மூன்று என்கிறபோது இரண்டாவதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

அதிக வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது? காயில் தன் பாட்டுக்கு வேகத்துக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே போகும். அதைப் பிடித்து நிறுத்துவது ஆர்.ஆர். யூனிட், அதாவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். விசிறி மடிப்பு மாதிரி தகடு உள்ள சின்ன அலுமினியப் பெட்டி, அதில் நான்கு வயர் வந்து சேரும். மஞ்சள் விளக்குக்கான ஏ.சி., வெள்ளை சார்ஜ் செய்வதற்கான ஏ.சி., சிவப்பு பேட்டரிக்கு, பச்சை எர்த். கூடுதலாக வரும் மின்சாரத்தை அந்தப் பெட்டி பச்சை வயர் வழியாகத்தான் வடித்துவிடுகிறது. நம் ஊரில் சொல்வதென்றால் பச்சை வயர் வடிகால். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வந்தாலும் வடிகால் திறந்திருந்தால் பயிர் பிழைக்கும். அதை அடைத்துவிட்டு மதகு ரிப்பேர் என்று சொல்லக் கூடாது இல்லையா? பெட்டி நன்றாக இருந்தும் பச்சை வயரின் முனையில் உள்ள உலோகப் பின், வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கப்ளரில் களிம்பேறியிருந்தாலோ, சரியாக உள்ளே உட்காராமல் பின்வாங்கியிருந்தாலோ, விளக்குக்கு வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். ஹெட்லைட் பல்பு கனமானது, கொஞ்சம் தாங்கும். 5 வாட் பின் விளக்கு இழை எத்தனை நாள் தாங்கும்?

இங்கேதான் பெயிண்ட் வருகிறது. வண்டிக்கு முழு பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் வயரிங்கை அப்படியே உருவி எடுத்துவிட்டுத்தான் அடிப்பார்கள். திரும்ப மாட்டும்போது இருபது வருஷம் அசையாமல் இருந்த கப்ளர்கள் அசைகின்றன, சிலது பாதி மட்டும் உள்ளே போகிறது. எர்த் வயரைச் சட்டத்தோடு சேர்க்கும் போல்டுக்கு அடியில் புதுப் பெயிண்ட் படிந்துவிடுகிறது. பெயிண்ட் மின்சாரத்தை விடாது. சில வருஷங்களுக்கு முன் மன்னார்குடியில் என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு வேறு ஓர் இடத்தில் வயரிங் செட், இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃப்ளாஷர், பேட்டரி எல்லாம் மாற்றியிருந்தார்கள். பின் விளக்கு எரியும்போது பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று வருவதற்குப் பதில் இன்னும் மங்கியது. எர்த் போல்டைக் கழற்றினால் அடியில் புத்தம் புது கறுப்பு பெயிண்ட், ஒரு கீறல்கூட இல்லை. சுரண்டிவிட்டுத் திரும்ப முறுக்கினேன், எல்லாம் எரிந்தது. வண்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் கூலி கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன், அது வேறு.

சரி, மீட்டரை எடுங்கள். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். மலிவான மீட்டரில் குறைந்த அளவே 200 ஆகத்தான் இருக்கும், பரவாயில்லை. என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, ஹெட்லைட் ஹோல்டரில் ஒரு முனையைப் பச்சையிலும் மறுமுனையை எரிகிற பக்கத்து வயரிலும் வையுங்கள். டிம் என்றால் வெள்ளை, பிரைட் என்றால் நீலம். ஒருவரை மெதுவாக ஆக்சிலேட்டரை முறுக்கச் சொல்லுங்கள். எண் ஏறிக்கொண்டே வந்து 12, 13 பக்கம் பிடித்து நின்றால் பெட்டி வேலை செய்கிறது. முறுக்க முறுக்க 17, 18 என்று நிற்காமல் ஏறினால் உடனே முறுக்குவதை விட்டுவிடுங்கள், இருக்கிற பல்பும் போய்விடும். ஆர்.ஆர். யூனிட் ஏ.சி. அலையை வெட்டித்தான் கட்டுப்படுத்துகிறது. அதனால் சின்ன மீட்டர் காட்டும் எண் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். எண்ணைவிட அது ஓர் இடத்தில் நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

நிற்கவில்லை என்றால் உடனே புதுப் பெட்டி வாங்க ஓடாதீர்கள். என்ஜினை நிறுத்தி, பெட்டியின் கப்ளரைக் கழற்றிப் பச்சை வயரின் பின்னைப் பாருங்கள். பச்சையாகக் களிம்போ, கருகிய அடையாளமோ இருந்தால் ஜீரோ நம்பர் உப்புத்தாளை மடித்துத் தேய்த்து, பின் தளர்ந்திருந்தால் குறடால் லேசாக இறுக்கி, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். அந்தப் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனால் சட்டத்தில் போல்ட் போட்ட இடம் வந்துவிடும். அதையும் கழற்றி, வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி இறுக்குங்கள். திரும்ப அளந்து பாருங்கள். இவ்வளவு செய்தும் ஏறிக்கொண்டே போனால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான். கப்ளரைக் கழற்றிய நிலையில் மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்.

களிம்பு என்றதும் பித்தளைச் சாமானுக்குப் புளி போட்டுத் தேய்ப்பது ஞாபகம் வரும். ஒருவர் அப்படியே ஹேண்டில் சுவிட்சுக்குச் செய்துகொண்டு வந்தார். பளபளவென்றுதான் இருந்தது, ஒரு வாரம். புளியின் அமிலம் இடுக்கில் தங்கி மறுபடி அரித்துவிடும். உப்புத்தாள், அதற்குப் பின் துளி வாசலைன், போதும். கடைமடைப் பக்கம் வீசும் உப்புக்காற்று ஒன்று, வண்டியில் ஏற்றிப் போகும் உர மூட்டை இன்னொன்று. மூட்டையிலிருந்து சிந்தும் உரம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர்களைத் தின்றுவிடும். ஆகவே சைடு கவரைக் கழற்றும்போது அங்கே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இண்டிகேட்டர் பேட்டரியில் ஓடுவது, அதைச் சோதிப்பது இன்னும் சுலபம். இடது பக்கம் ஒழுங்காகச் சிமிட்டுகிறது என்றால் பேட்டரியும் ஃப்ளாஷரும் நல்லவை, அவற்றை விட்டுவிடுங்கள். இரண்டு பல்பும் சேர்ந்து இழுக்கிற மின்சாரத்தை வைத்துத்தான் அந்தக் கால ஃப்ளாஷர் சிமிட்டும். பின் பல்பு சரியாக இழுக்காததால் முன் பல்பு சும்மா எரிந்துகொண்டு நிற்கிறது. இண்டிகேட்டர் கண்ணாடியைக் கழற்றி, ஒரு துண்டு வயரில் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்து, மறுமுனையால் பின் பக்க ஹோல்டரின் உலோக உடம்பைத் தொடுங்கள். பிளஸ் பக்கம் தெரியாமல் பட்டால் ஃபியூஸ் போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டதும் பல்பு முழுசாக எரிந்து சிமிட்ட ஆரம்பித்தால் எர்த்தான் திருடன். அந்த இண்டிகேட்டரிலிருந்து வரும் பச்சை வயரும் ஹோல்டரும் சேரும் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். தொட்டும் மங்கலாகவே இருந்தால் மின்சாரம் வருகிற பக்கத்தில் கோளாறு, அதாவது இளநீல வயர். (இடது பக்கத்துக்கு ஆரஞ்சு.) அல்லது இடது பக்கத்துப் பல்பை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வாட் மாறின பல்பை யாராவது மாட்டியிருக்கலாம்.

இன்னும் ஒரே ஓர் இடம். என்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். விளக்கு மினுக்கினால், ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேலே பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும், ஏமாந்துவிடுவீர்கள். ஒவ்வொரு வயராகப் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும், உள்ளே அறுந்தது மட்டும் ரப்பர் மாதிரி நீளும். அந்த ஒன்றை வெட்டி, அதே தடிமனில் அரை அடி வயர் சேர்த்து, பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு மூடினால் முடிந்தது.

வயரிங் செட் மாற்றுவது எப்போது என்றால், வயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தால், அல்லது எலி கடித்திருந்தால். அறுவடை முடிந்து வயலில் தீனி இல்லாதபோது எலிகள் வீட்டுப் பக்கம் வரும், கொட்டகையில் நிற்கும் வண்டிதான் முதலில் மாட்டும். டேங்கைத் தூக்கிப் பாருங்கள். அங்கே வைக்கோல் துணுக்கும் புழுக்கையும் கிடந்து, நாலைந்து இடத்தில் செம்பு தெரிந்தால் அந்த மெக்கானிக் சொல்வது சரி. அப்படி இல்லை என்றால் அவரிடமே வண்டியை விடுங்கள், ஆனால் “வயரிங் பாருங்க” என்று சொல்லாதீர்கள். “ஆர்.ஆர். யூனிட்டுக்கு எர்த் வருதா பாருங்கண்ணே, பெயிண்ட் அடிச்ச வண்டி” என்று சொல்லுங்கள். நாலாவது பின் விளக்கு பல்பை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.