கருந்திரவத்தில் கரைந்த மரம்: லிக்னின் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

நம் குமரி மாவட்டத்தில் மரக்கூழ் ஆலை கிடையாது. ஆயினும் மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைப் பற்றி இங்கிருந்து வந்திருக்கும் கேள்விகள் யாவும் அவரவர் தொழிலிலிருந்து எழுந்தவை என்பதைக் கண்டு மகிழ்ந்தேன். காகித ஆலையின் இரசாயன மீட்புப் பிரிவில் பல்லாண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஐயா, லிக்னின் என்பது காகித ஆலையின் கழிவு என்று படித்தேன். அது சரியா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

கழிவு என்ற சொல் பொருந்தாது. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ். லிக்னின் 20 முதல் 30 சதவீதம். எஞ்சியதில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸ். நார்களை ஒன்றோடொன்று பிணைத்து மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்வது லிக்னின்தான். பனைமரத்தின் வைரம் பாய்ந்த புறப்பகுதியைக் கோடரியால் வெட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் வலிமையை விளக்க வேண்டியதில்லை. காகிதத்துக்குத் தேவை செல்லுலோஸ் நார். ஆகவே நாரை விடுவிக்க லிக்னினைக் கரைத்தாக வேண்டும்.

கரைக்கும் முறைகளுள் இன்று ஓங்கி நிற்பது கிராஃப்ட் முறை. 1879இல் ஜெர்மானியரான கார்ல் டால் இதனை உருவாக்கினார். மரச்சில்லுகளை எரிசோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில், 170 டிகிரி செல்சியஸ் அளவில், அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். நார் தனியே பிரிந்துவிட, லிக்னின் கரைந்த கருந்திரவம் எஞ்சுகிறது. ஆலையில் இதனைப் ‘பிளாக் லிக்கர்’ என்பார்கள். மற்றொன்று பழைய சல்ஃபைட் முறை. இதில் லிக்னினோடு சல்ஃபோனிக் தொகுதி இணைவதால், அது நீரில் எளிதில் கரையும் லிக்னோசல்ஃபோனேட்டாக மாறிவிடுகிறது. கிராஃப்ட் லிக்னினோ காரநீரில் மட்டுமே கரையும். வெறும் நீரில் கரையாது.

இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். லிக்னின் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே பொருள் அல்ல. எந்த மரத்திலிருந்து, எந்த முறையில் பிரிக்கப்பட்டது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதையே சுற்றி நிற்கும்.

இத்தனை பயனுள்ள பொருளை ஆலைகள் கொதிகலனில் எரித்துவிடுவது வீணல்லவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்)

நானும் பணியில் சேர்ந்த புதிதில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மீட்புக் கொதிகலனின் அருகில் நின்று பார்த்தால் எண்ணம் மாறும். கருந்திரவத்தைக் கெட்டியாக்கி எரிக்கும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. லிக்னின் எரிந்து ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தருகிறது. வேகவைக்கப் பயன்பட்ட சோடியமும் கந்தகமும் உருகிய உப்பாகக் கொதிகலனின் அடியில் சேர்கின்றன. அந்த உப்பை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால், அடுத்த வேகவைப்புக்கான காரநீர் மீண்டும் கிடைத்துவிடுகிறது. 1930களில் டாம்லின்சன் வடிவமைத்த மீட்புக் கொதிகலன் வந்த பின்னரே கிராஃப்ட் முறை மற்ற முறைகளை முந்தியது. லிக்னின் முழுவதையும் வெளியே எடுத்துவிட்டால், அதற்கு ஈடான எரிபொருளை ஆலை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

எனினும் ஒரு பகுதியை எடுப்பதில் நியாயம் உண்டு. பல ஆலைகளில் கொதிகலனின் கொள்ளளவுதான் உற்பத்தியைத் தடுக்கும் முட்டுக்கட்டை. லிக்னினில் ஒரு பங்கை முன்னரே பிரித்தெடுத்தால் கொதிகலனின் சுமை குறைந்து, கூடுதலாகக் கூழ் தயாரிக்கலாம். கருந்திரவத்தினுள் கரியமில வாயுவைச் செலுத்தினால் காரத்தன்மை தணிந்து லிக்னின் திரிகிறது. பால் திரிவதைப் போல என்று சொன்னால் தவறாகாது. அதனை வடிகட்டி, அமிலநீரில் கழுவி உலர்த்துகிறார்கள். ஸ்வீடனில் உருவான இந்த லிக்னோபூஸ்ட் முறை, அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள பிளிமத் ஆலையில் 2013இல் வணிக அளவில் செயல்படத் தொடங்கியது. ஃபின்லாந்தின் சுனிலா ஆலை 2015இல் ஆண்டுக்கு 50,000 டன் கொள்ளளவோடு அதே வழியில் இறங்கியது. ஆனால் 2023இல் சுனிலாவின் கூழ் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது லிக்னினும் நின்றுபோயிற்று. லிக்னினை நம்பித் தொழில் தொடங்க எண்ணுவோர், அது கூழின் உடன்விளைபொருள் என்பதையும், கூழின் சந்தையே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கான்கிரீட் கலவையை இளக்கச் சேர்க்கும் பழுப்பு நிற பிளாஸ்டிசைசர் மருந்து மரத்திலிருந்து வருவதாகக் கேள்விப்பட்டேன். அதிகம் ஊற்றினால் உறுதி கூடுமா? (கட்டட மேற்பார்வையாளர், தக்கலை)

பழுப்பு நிறமுள்ளவை அனைத்தும் மரத்திலிருந்து வந்தவை அல்ல. நாஃப்தலீனிலிருந்து செய்யப்படும் செயற்கை வகையும் அதே நிறத்தில்தான் இருக்கும். ஆயினும் பழைய வகை பிளாஸ்டிசைசர்களின் அடிப்படைப் பொருள் லிக்னோசல்ஃபோனேட் என்பது உண்மை. எதிர்மின்னேற்றம் கொண்ட அதன் மூலக்கூறுகள் சிமெண்ட் துகள்களின் மேல் படிந்து, துகள்கள் ஒன்றையொன்று விலக்கும்படி செய்கின்றன. கட்டி கட்டியாகச் சேர்ந்து கிடந்த துகள்கள் பிரிவதால், அவற்றுக்கிடையே சிறைப்பட்டிருந்த நீர் விடுபட்டுக் கலவை இளகுகிறது. அதனால் 5 முதல் 10 சதவீதம் வரை நீரைக் குறைத்தும் அதே இளக்கத்தோடு வேலை செய்யலாம். உறுதி கூடுவது நீர் குறைவதால்; மருந்து சேர்த்ததால் அல்ல. மருந்தையும் ஊற்றி, வழக்கமான நீரையும் குறைக்காமல் ஊற்றினால் பயன் கிட்டாது.

அதிகம் ஊற்றுவது தீமையே செய்யும். லிக்னோசல்ஃபோனேட்டும், அதில் எஞ்சியிருக்கும் மரச்சர்க்கரையும் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்துபவை. அளவு மீறினால் தளம் இறுக மிகவும் தாமதமாகும்; காற்றுக் குமிழிகளும் பெருகி உறுதியைக் குறைக்கும். நம் பகுதியில் மழைக்கால வேலையில் இந்தத் தாமதம் பேரிழப்பாக முடியக்கூடும். கொள்கலனில் குறித்த அளவை அளவுக்குவளையால் அளந்து, கலவை நீரோடு சேர்த்து ஊற்றுங்கள். மூடியால் மதிப்பிட்டு ஊற்றும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். உயர் வலிமைக் கான்கிரீட்டுக்குப் பாலிகார்பாக்சிலேட் என்ற செயற்கை வகையே ஏற்றது; அங்கே லிக்னினை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இன்வெர்ட்டர் பேட்டரியிலும் லிக்னின் இருக்கிறதா? (பேட்டரி பழுதுபார்ப்பவர், குளச்சல்)

இருக்கிறது. ஈய அமில பேட்டரியின் எதிர்மின் தகட்டுப் பசையில், எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாக, பேரியம் சல்ஃபேட்டோடும் கரித்தூளோடும் சேர்க்கப்படுகிறது. பேட்டரி மின்னை இழக்கும்போது உருவாகும் ஈய சல்ஃபேட், தகட்டை அடைத்துக்கொள்ளும் இறுகிய படலமாகிவிடாமல், பஞ்சுபோன்ற ஈயத்தின் துளைகள் திறந்தே இருக்க லிக்னோசல்ஃபோனேட் உதவுகிறது. இது கண்டறியப்பட்ட விதம் என்னை எப்போதும் வியக்கவைப்பது. முற்காலத்தில் தகடுகளுக்கிடையே மெல்லிய மரப்பலகையைத் தடுப்பாக வைத்தார்கள். பின்னர் மரத்துக்குப் பதிலாக ரப்பர் தடுப்புகளைப் புகுத்தியபோது, மேம்பட்டதாகக் கருதிய பேட்டரிகள் முன்னைவிட விரைவில் திறன் இழந்தன. காரணத்தைத் தேடியபோதுதான், மரத்தடுப்பிலிருந்து அமிலத்தில் கசிந்த லிக்னின் பொருள்கள் அதுவரை தகட்டைக் காத்துவந்தது தெரியவந்தது. வெப்பத்தில் இந்தச் சேர்மம் மெல்லச் சிதையும் என்பதால், பேட்டரியை வெயில் படும் இடத்திலோ காற்றோட்டமில்லாத மூலையிலோ வைக்க வேண்டாம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள்.

மரத்திலிருந்து வனிலா மணம் எடுப்பது உண்மையா? எங்கள் கிராம்புக்கும் அதற்கும் தொடர்புண்டா? (கிராம்பு விவசாயி, மாறாமலை)

இரண்டும் உண்மை. வனிலாக் காயின் மணத்துக்கு முதற்காரணமான வனிலின் என்ற சேர்மத்தை, 1874இல் டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரத்தில் கிடைக்கும் கோனிஃபெரின் என்ற பொருளிலிருந்து செயற்கையாக உருவாக்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் என்ற சேர்மமே வனிலின் தயாரிப்பின் முக்கிய மூலப்பொருளாக விளங்கியது. கிராம்பின் யூஜினாலும், ஊசியிலை மரத்தின் லிக்னினைக் கட்டும் அலகும் வேதியியலில் நெருங்கிய உறவினர்கள். 1930களில், சல்ஃபைட் ஆலைக் கழிவுநீரின் லிக்னோசல்ஃபோனேட்டைக் காரநீரில் காற்றோடு சூடாக்கி வனிலின் எடுக்கும் முறை வட அமெரிக்காவில் தொழிலாக வளர்ந்தது, யூஜினால் பின்தங்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரே ஒரு கூழ் ஆலை 1981இல் உலக வனிலின் தேவையில் 60 சதவீதத்தை வழங்கியது. ஆனால் ஒரு கிலோ வனிலினுக்கு 160 கிலோவுக்கும் மேற்பட்ட காரக் கழிவு உண்டானது. சுற்றுச்சூழல் விதிகள் இறுகவே, பெட்ரோலியத்திலிருந்து வரும் குவாயகால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று மரத்திலிருந்து வனிலின் எடுக்கும் தொழிலில் நிலைத்திருப்பது நார்வேயின் போரிகார்ட் நிறுவனம். யூகலிப்டஸ், சவுக்கு போன்ற நம்மூர் மரங்களில் லிக்னினின் அலகுகள் இரு வகையாகக் கலந்திருப்பதால், வனிலினோடு வேறொரு ஆல்டிஹைடும் சேர்ந்தே வரும். ஆகவே அவை இதற்கு ஏற்றவை அல்ல.

ரப்பர் ஷீட் அடிக்கும்போது பாலில் லிக்னினைக் கலந்தால் ஷீட் உறுதியாகுமா? (ரப்பர் விவசாயி, குலசேகரம்)

கேள்வியின் அடிப்படை சரியானது. செய்ய நினைக்கும் இடம்தான் சரியில்லை. உலர்ந்த லிக்னின் தூளை ரப்பரோடு உருளையில் அரைத்தால் வலுவூட்டாது. மாறாக, காரநீரில் கரைத்த கிராஃப்ட் லிக்னினை அம்மோனியா சேர்த்த ரப்பர் பாலோடு கலந்து, பின் அமிலம் விட்டால், ரப்பரும் லிக்னினும் ஒருசேர உறைகின்றன. அவ்வாறு உறைந்த ரப்பரில் லிக்னின் மிக நுண்ணிய துகள்களாகப் பரவி, டயர்களில் சேர்க்கும் கரித்தூளான கார்பன் கருப்பைப் போல வலுவூட்டுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1940களிலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஷீட் பழுப்பாகும். தரம் பிரிப்பவர் நிறத்தைப் பார்த்துக் கடைசித் தரத்தில் தள்ளிவிடுவார். இது ரப்பர் பொருள் செய்யும் தொழிற்சாலை, தன் கலவைக்கென்று செய்துகொள்ள வேண்டிய வேலை. உங்கள் உறையும் பாத்திரத்தில் ஃபார்மிக் அமிலமும் சுத்தமான நீரும் போதும்.

பிளைவுட் பசையில் முந்திரி ஓட்டு எண்ணெயும் லிக்னினும் ஒன்றுக்கொன்று மாற்றா? (பிளைவுட் பிரிவு ஊழியர், புதுக்கடை)

பிளைவுட் பசையில் ஃபார்மால்டிஹைடோடு சேர்க்கப்படும் ஃபீனாலுக்கு இரண்டுமே பகுதி மாற்று. லிக்னினில் ஃபார்மால்டிஹைடோடு வினைபுரியும் இடங்கள் குறைவு என்பதால் பசை மெதுவாக இறுகும். அழுத்தும் நேரத்தை நீட்டிக்க வேண்டிவரும். முந்திரி எண்ணெயின் கார்டனால் பசைக்கு நெகிழ்வைத் தருகிறது. முந்திரி ஓடு இங்கேயே கிடைக்கும்போது, கிராஃப்ட் லிக்னினை வெளியிலிருந்து வரவழைப்பது நம் பகுதிக்கு இப்போதைக்கு இலாபமாகத் தோன்றவில்லை.

கதம்பலில் (தேங்காய் மட்டையில்) லிக்னின் அதிகம் என்கிறார்கள். மணக்குடிக் காயலோரத்தில் குவியும் சோற்றிலிருந்து (நார் பிரித்தபின் எஞ்சும் தூளிலிருந்து) லிக்னின் எடுக்கச் சிறு ஆலை வைக்கலாமா? (கயிறு உற்பத்தியாளர்)

இந்தக் கேள்விக்காகவே இத்தொகுப்பை எழுத முன்வந்தேன் என்று சொல்லலாம். தென்னை நாரில் லிக்னின் 40 சதவீதத்தை எட்டும். எந்த மரமும் இதற்கு நிகராகாது. கடல்நீரில் கிடந்தும் கயிறு எளிதில் மக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. கதம்பலை மாதக்கணக்கில் அழுகப்போடும்போது கரைவது நார்களுக்கிடையேயுள்ள பெக்டினும் பாலிஃபீனால்களும்தாம். நீர் கறுப்பதும் நாற்றமெடுப்பதும் அதனால். நாரின் லிக்னின் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

ஆனால் அதைக் காரநீரில் கரைத்தெடுக்கும் சிறு ஆலை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். மீட்புக் கொதிகலன் பெரிய அளவில்தான் கட்டுப்படியாகும். அது இல்லாத சிறு கூழாலைகள் கருந்திரவத்தை ஆற்றில் விட்டதன் விளைவை நம் நாடு ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. மணக்குடிக் காயலும் அதன் அலையாத்திக் காடும் அந்தக் கறுப்பு நீரைத் தாங்கமாட்டா. லிக்னினைப் பிரிக்காமலேயே பயன்படுத்துவதுதான் நமக்கு உகந்த வழி.

முதலாவது வழி, பசையில்லாப் பலகை. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள், முற்றிய தேங்காயின் கதம்பலை நாரும் சோறுமாக முழுதாக அரைத்து, உலர்த்தி, 180 டிகிரி செல்சியஸ் அளவில் அழுத்திப் பலகை செய்தார்கள். சூட்டில் இளகும் லிக்னினே பசையாகி, நாரைப் பற்றிக்கொண்டு இறுகிவிடுகிறது. ஃபார்மால்டிஹைடு துளியும் தேவைப்படுவதில்லை. கதம்பலை அழுகப்போட வேண்டிய தேவையும் இதில் இல்லை என்பது காயலுக்குக் கூடுதல் நன்மை. சூட்டு அழுத்தப் பொறிக்கு முதலீடு தேவை என்பதால், தனியொருவர் அல்லாது கூட்டுறவாகச் செய்யத்தக்க தொழில் இது.

இரண்டாவது வழி, இன்றே தொடங்கக்கூடியது. லிக்னினைச் சிதைக்கும் நொதிகளைச் சுரப்பதில் சிப்பிக்காளான் வல்லது. ஒரு டன் நார்க்கழிவுக்கு, அதாவது சோற்றுக்கு, 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் என்பது வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவு. நிழலில் கழிவை ஓரடுக்கு பரப்பி அதன்மேல் வித்தையும், அடுத்த அடுக்கின்மேல் யூரியாவையும் மாறி மாறித் தூவிக் குவியலாக்கி, ஈரம் காயாமல் தெளித்து வந்தால், ஏறத்தாழ 30 நாள்களில் பழுப்பு நிறம் கறுத்து எருவாகிவிடும். நூறுக்கும் மேல் இருந்த கரி-தழைச்சத்து விகிதம் 24 அளவுக்கு இறங்குகிறது. பச்சையாக வயலில் கொட்டினால் மண்ணின் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் ஈர்த்துக்கொண்டு பயிர் மஞ்சளிக்கும். மக்கவைத்த பின் அந்த அச்சமில்லை. உப்புக் காயலில் அழுகப்போட்ட கதம்பலின் சோறாக இருந்தால், மக்கவைப்பதற்கு முன் நல்ல நீரில் ஓரிரு முறை அலசி உப்பை நீக்கிவிடுங்கள். இல்லையேல் காளானும் பிடிக்காது, நாற்றங்காலுக்கும் உதவாது.