பேட்டரி மெஷினை எடுத்துவிட்டுப் பழைய மெஷினைப் போடலாமா?

கேள்வி: தாத்தா காலத்து ஆன்சோனியா சுவர்க் கடிகாரம். எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுப்பது. நின்றுபோனதும் பேட்டரி மெஷின் மாட்டிவிட்டார்கள். பழைய மெஷின், முட்கள், பெண்டுலம் டப்பாவில் இருக்கின்றன. திரும்பப் பொருத்தலாமா? மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் ஓடிவிடும் என்கிறார்களே?
- வாசகி, தேவகோட்டை

பதில்: பொருத்தலாம். முட்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. ஆன்சோனியா அமெரிக்கக் கம்பெனி; அதன் புரூக்ளின் ஆலை 1929-இல் மூடி, இயந்திரங்கள் சோவியத் நாட்டுக்கு விலைபோய்விட்டன. அசல் முள் வேண்டுமென்றால் இன்னொரு பழைய கடிகாரத்தைத்தான் கலைக்க வேண்டும்.

மெஷினைத் திறக்கும் முன் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். ஓட ஒன்று, மணி அடிக்க ஒன்று என்று இரண்டு இருக்கும். இரண்டும் டப்பிக்குள் அடைபடாமல் வெளியே தெரியும். நின்றுபோன கடிகாரத்திலும் முறுக்கு அப்படியே இருக்கலாம். அந்த நிலையில் நட்டைக் கழற்றினால் விரல் கிழியும், சக்கரத்தின் பல்லும் போகும். முழுக்கச் சாவி கொடுத்து, ஸ்பிரிங்கின் மேல் இரும்பு வளையம் மாட்டுங்கள். பிறகு முறுக்கு பின்வாங்காமல் பிடிக்கும் தடுப்புக் கொக்கியை விலக்கி, மரக் கைப்பிடி போட்ட சாவியை உள்ளங்கையில் மெல்ல நழுவவிட்டு முறுக்கை இறக்குங்கள். காது வைத்த சாதாரணச் சாவி இதற்கு ஆகாது. கைதவறினால் விரலை அடிக்கும். பழக்கம் இல்லையென்றால் இந்த வேலையை மட்டுமாவது தெரிந்தவரிடம் விடுங்கள்.

மண்ணெண்ணெய் யோசனையை மறந்துவிடுங்கள். அழுக்கு இளகுமே தவிர வெளியேறாது; அச்சு சுழலும் துளைகளில் சேறாகத் தங்கி, அச்சையும் துளையையும் அரம்போலத் தேய்க்கும். ஒவ்வொரு சக்கரமாகப் பிரித்துக் கழுவி, கூராக்கிய பல்குச்சியைத் துளைக்குள் திருகுங்கள். குச்சி அழுக்கில்லாமல் வரும்வரை விடாதீர்கள். பின்பு அச்சைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் பித்தளைப் புஷ் (துளைக்குள் செருகும் சிறு வளையம்) போட வேண்டும். சிலர் துளையைச் சுற்றிக் குத்தி இறுக்கித் தந்துவிடுவார்கள். தகடு கெட்டதுதான் மிச்சம். புஷ்ஷுக்குச் செலவழியுங்கள், பித்தளையைப் பளபளப்பாக்க வேண்டாம்.

எண்ணெய், கடிகார எண்ணெயாகவே இருக்கட்டும்: அச்சு முனைக்கு ஒரு பொட்டு, பற்களில் கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும்.

பேட்டரி மெஷினுக்காக டயலின் நடுத்துளையைப் பெரிதாக்கினார்களா, சாவித் துளைகளை மூடினார்களா என்று பாருங்கள். பெட்டியில் திருகுத் துளை தளர்ந்திருந்தால் தேக்குச் சிம்பைப் பசையோடு இறக்குங்கள். காகித டயல் என்றால் ஈரத்துணி படக்கூடாது.

மாட்டியதும் டிக்-டாக் சீராக வர வேண்டும். பெண்டுலத்தைக் கையால் மெல்ல இடமும் வலமும் நகர்த்தி, எவ்வளவு தூரத்தில் சத்தம் வருகிறது என்று பாருங்கள். எந்தப் பக்கம் சீக்கிரம் வருகிறதோ, அந்தப் பக்கமாகப் பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியை மயிரிழை வளைத்தால் சரியாகும்.

கேள்வி: எங்கள் பெண்டுலக் கடிகாரம் 3 மணிக்கு 7 அடிக்கிறதே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அதில் இருப்பது எண்ணிக்கைச் சக்கரம். முள் எங்கே நின்றாலும் அது தன் வரிசைப்படி அடிக்கும். மணிக்கான ஸ்பிரிங் முன்னதாகத் தீர்ந்துபோனால் இப்படி ஆகும். இரண்டுக்கும் சாவி கொடுங்கள். பெரிய முள் 12-இல் நின்று அடித்து முடித்ததும், சின்ன முள்ளை மட்டும் 7-க்குத் திருப்புங்கள். அது இறுக்கத்தில் நிற்பதுதான், திரும்பும். பிறகு பெரிய முள்ளை முன்னோக்கி நகர்த்தி, அரை மணிக்கும் முழு மணிக்கும் நிறுத்தி அடிக்கவிட்டே சரியான நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டுச் சுற்றினால் கணக்கு மறுபடி தவறும்.